வளையல் அடுக்கிய கிண்ணம்

"நில்லிஸி! அண்ணா, நில்லிஸி!"

ஏழாம் மாத வயிற்றை ஒரு கையால் தாங்கிப் பிடித்தபடி, அடுக்ககத்தின் பின்வாசலைத் தாண்டி நகர்ந்துவிட்ட குப்பை ஆட்டோவின் பின்னால், கன்னடத்தில் நிறுத்தச் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடினாள் வீணா. காலில் செருப்பு இல்லை. நேற்று வளைகாப்பில் போட்ட கண்ணாடி வளையல்கள் இரண்டு கைகளிலும் நெருக்கியடித்துக்கொண்டு, ஒவ்வோர் அடிக்கும் கலகலத்தன.

வேகத்தடையில் ஆட்டோ கொஞ்சம் தயங்கியது. அது போதும். பின்பக்கக் கம்பியை எட்டிப் பிடித்துவிட்டாள்.

மூட்டைகளுக்கு நடுவே நின்றிருந்த பெண் குனிந்து பார்த்தாள். தலையில் துண்டு, கையில் உறை.

"ஹசி கசானா, ஒண கசானா?"

ஈரக் குப்பையா, உலர்ந்த குப்பையா என்று கேட்கிறாள். வீணாவுக்கு மூச்சு வாங்கியது.

"ரெண்டும் இல்லக்கா. கண்ணாடி. பேப்பர்ல சுத்தி, பச்சைக் கவர்ல... எங்கம்மா இப்பத்தான் போட்டுட்டாங்க."

அந்தப் பெண் உடனே தமிழுக்கு மாறினாள். "ஒடஞ்ச கண்ணாடிக்கா இந்த ஓட்டம்? வயித்தப் பாரும்மா. போனது போவட்டும், வுடு."

"ஒரே ஒரு துண்டு போதும்க்கா. ப்ளீஸ்."

வீணா உள்ளே கையை நீட்டினாள்.

"ஏய், கை ஹாக்பேடி! கைய உள்ள வுடாத, நான் எடுக்குறேன், இரு."

டிரைவர் ஹாரனை அழுத்தினார். பின்னால் ஒரு பள்ளி வேன் முறைத்துக்கொண்டு நின்றது. மூட்டைகள் புரண்டன. பச்சைக் கவர் அகப்பட்டது. அந்தப் பெண் அதைக் கிழித்து, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டை எடுத்துத் தன் சேலைத் தலைப்பில் துடைத்து நீட்டினாள். கனமான கண்ணாடி. அதன் நடுவே ஆழமாக வெட்டிய ஒரு நட்சத்திரம் வெயிலில் பொறி பறக்க மின்னியது.

"மீதியும் வேணுமா?"

"வேணாம்க்கா. ஒண்ணு போதும்."

பிறகு பல முறை வீணா நினைத்துப் பார்த்துக்கொள்ளப்போகிற பதில் அது. ஆட்டோ வளைவில் திரும்பி, வைட்ஃபீல்ட் போக்குவரத்தில் கலந்து மறைந்தது.

*

விஷயம் இதுதான்.

எதிர் வீட்டு சோஃபியா அக்கா நேற்று அந்தக் கிண்ணத்தை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு வந்தாள். அமெரிக்காவில் செய்த பழைய கட் கிளாஸ். அவளுடைய அம்மா பவுலின் ஆன்ட்டியின் காக்ஸ் டவுன் வீட்டில் மூன்று தலைமுறையாக இருந்தது. விளிம்பு முழுக்க விசிறி விசிறியாக வெட்டு, வயிற்றில் நட்சத்திரங்கள். தூக்கினால் கை வலிக்கும் கனம்.

"வளையலை இதுல அடுக்கு வீணா. எனக்காக" என்றாள்.

சோஃபியா கேட்டு வீணா மறுக்க முடியுமா? மசக்கையில் வீணா தலை தூக்க முடியாமல் கிடந்த நாட்களில் கணவன் ரகு ஆபீசுக்குப் போனதும் கஞ்சியோடு வந்து நின்றவள் அவள். முதல் ஸ்கேனுக்குக் காரில் கூட்டிப்போனவளும் அவளே. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்தாள். உள்ளே மட்டும் வரவில்லை. "எனக்கு அந்த வாடை ஆகாதும்மா" என்று சொல்லிவிட்டுக் காரிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

சோஃபியாவின் கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். வருடத்துக்கு ஒரு முறை வருவார். வீட்டில் அவள் மட்டும்தான்.

பச்சையும் சிவப்புமாக வளையல்களை அடுக்கியபோது கிண்ணம் "டொக் டொக்" என்றது.

"என்னடி இது, இம்புட்டு அலங்காரமா இருக்கு, சத்தம் மட்டும் மண்சட்டி மாதிரி வருது?" என்று கிண்டலடித்தாள் வீணாவின் அம்மா மங்களம். பெண்ணைப் பிரசவத்துக்கு ஆம்பூருக்கு அழைத்துப்போக வந்திருந்தாள். நாளைக் காலை ரயில்.

வளைகாப்பு முழுக்க சோஃபியா கதவோரமாகவே நின்றாள். "வாங்கக்கா, ஒரு ஜோடி வளையல் போட்டு விடுங்க" என்று வீணா கூப்பிட்டபோது யாரோ ஒரு பெரியம்மா தொண்டையைச் செருமினாள். சோஃபியா சிரித்தபடி தலையசைத்து மறுத்துவிட்டாள். கண்கள் மட்டும் வீணாவைப் பார்க்கவில்லை. கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தன.

இன்று காலை வாட்ஸ்அப்பில் அவள் குரல் வந்தது. வழக்கமான குரல் இல்லை.

"வீணா, அந்த பௌலை ஆறு மணிக்குள்ள குடுத்துடும்மா. அம்மா வர்றாங்க. இன்னிக்கு அது எங்க மேஜைல இருந்தே ஆகணும். மறந்துடாதே, என்ன?"

வீணா அப்போதே எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மங்களம் வழிமறித்தாள்.

"அடியே, வெறும் பாத்திரத்தையா திருப்பிக் குடுப்பே? பிள்ளைத்தாச்சி கையால காலிப் பாத்திரம் போகலாமா? கொண்டா இப்படி."

அடுப்பில் பால் பாயசம் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. மங்களம் கரண்டியால் மொண்டு, ஆவி பறக்க, அப்படியே கிண்ணத்தில் ஊற்றினாள்.

"டிக்."

சின்னச் சத்தம். யாரோ நாக்கைத் தட்டியது போல. அந்த நொடியில் வீணாவின் வயிற்றுக்குள் குழந்தை ஓர் உதை உதைத்தது. அவள் குனிந்து வயிற்றைத் தொடுவதற்குள் கிண்ணம் இரண்டாகப் பிளந்து, மேடையிலிருந்து உருண்டு, தரையில் சிதறியது. பாயசம் மங்களத்தின் காலடி வரை ஓடிவந்தது.

"ஐயையோ! வளைகாப்பு முடிஞ்ச வீட்டுல உடைஞ்ச கண்ணாடியா?"

வீணா பிரமை பிடித்து நின்ற நேரத்தில் மங்களம் அத்தனையையும் கூட்டிப் பேப்பரில் சுற்றிக் கீழே கொண்டுபோய்க் கடாசிவிட்டாள். ஒரு நிமிடம்கூட அது வீட்டில் இருக்கக் கூடாதாம்.

"போய்ச் சொல்லிடு, தவறிடுச்சுன்னு. ஒரு பௌலுக்கா அவ உன்னைக் கடிச்சுத் தின்னுடுவா? பாவம், பிள்ளை இல்லாத பொம்பள. சாமானைத்தான் பிள்ளை மாதிரி வெச்சிருக்கா."

வீணா எதிர் வீட்டுக் கதவு வரை போனாள். மணியில் விரலை வைத்தாள். உள்ளே சோஃபியா யாரோடோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். பேசவில்லை, அழுதுகொண்டிருந்தாள். வீணா விரலை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டாள்.

அப்புறம்தான் மொபைலில் தேடினாள். காக்ஸ் டவுனில் பழைய கண்ணாடிச் சாமான் விற்கும் எத்திராஜ் என்பவரின் எண் கிடைத்தது. அவர் போனிலேயே சிரித்தார்.

"கிட்டக்க எடுத்த போட்டோ கூட இல்லன்ற. டிசைன் தெரியாம நான் இன்னாத்தைத் தேடுறது? ஒடஞ்ச துண்டு ஒண்ணு கொண்டா, பாக்கலாம்."

அதற்குத்தான் அந்த ஓட்டம்.

*

மெட்ரோவில் கழுத்தில் ஐடி கார்டு மாட்டிய ஓர் இளைஞன் எழுந்து இடம் கொடுத்தான். அல்சூரில் இறங்கி ஆட்டோ பிடித்தாள். கைப்பையில் துண்டு கனத்தது. போகும் வழியெல்லாம் ஒரே கணக்குதான்: ஆறு மணிக்குள் அதேபோல ஒரு கிண்ணம். இல்லையென்றால் நாளைக் காலை அந்த முகத்தைப் பார்க்காமல் ஊருக்கு ரயில் ஏறவேண்டும். குழந்தை பிறந்து திரும்பி வரும்போது எதிர் வீட்டுக் கதவு மூடியே இருக்கும்.

எத்திராஜின் கடை ஒரு பழைய பங்களாவின் கார் ஷெட். கூரை வரை அலமாரி. எல்லாமே கண்ணாடி.

"உக்காரும்மா மொதல்ல. நீ நின்னா எனக்குக் கை ஒதறுது. கடையில இருக்கிறது பூரா ஒடையிற சாமான், நீயும் சேத்து."

அறுபது வயதிருக்கும். கழுத்தில் கயிறு கட்டிய பூதக்கண்ணாடி. துண்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார். ஜன்னலை மூடி, ஊதா விளக்கு டார்ச் ஒன்றை எடுத்து அதன்மேல் அடித்தார். கண்ணாடி மஞ்சளும் பச்சையும் கலந்து மெல்ல மின்னியது.

"பாத்தியா? ஒரிஜினல் அமெரிக்கன். மொத உலகப்போருக்கு முந்தி செஞ்சது. அதுக்கப்புறம் ஈயமெல்லாம் குண்டுக்குப் போயிட்டுச்சு, இவ்ளோ கனமா எவனும் செய்யல. ஓரத்துல விரலை வையி, பாத்து. கத்தி மாதிரி இருக்கா? கையால சக்கரத்துல வெச்சு வெட்டினது. அச்சுல ஊத்தின சரக்குன்னா மொழுக்குன்னு இருக்கும்."

"இதே மாதிரி கிடைக்குமா சார்? இந்த ஏரியாக் குடும்பத்துதுதான்."

"இந்த ஏரியாவா? அப்ப டாக்டரம்மா சாமான்." எத்திராஜ் தொடையில் தட்டினார். "அமெரிக்கால இருந்து வந்து மிஷன் ஆஸ்பத்திரியில இருந்தாங்க. ஊருக்குத் திரும்புறப்போ சாப்பாட்டு மேஜை சாமானைப் பூரா தெரிஞ்சவங்க வீடு வீடா பிரிச்சுக் குடுத்துட்டாங்க. ஒருத்தருக்கு ஜக்கு, ஒருத்தருக்குத் தட்டு. பௌலு ஜோடியா ரெண்டு."

"ரெண்டா?"

"போன வருஷம் அடுத்த தெருவுல ஒரு வீட்ட இடிச்சாங்க. அந்தச் சாமான் என்கிட்டதான் வந்துது."

ஏணி வைத்து ஏறினார். மேல் தட்டில் செய்தித்தாளைப் பிரிக்கும் சத்தம். வீணா வயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். இறங்கியபோது அவர் கையில், காலையில் பிளந்த அதே கிண்ணம். அதே விசிறி. அதே நட்சத்திரம். துண்டைப் பக்கத்தில் வைத்தார். மயிரிழை மாறவில்லை.

வீணாவுக்கு அழுகை வந்துவிட்டது.

"அழுவாத. இப்பப் பாரு வேடிக்கைய." விளிம்பில் நகத்தால் லேசாகச் சுண்டினார்.

"ணங்ங்ங்..."

கோயில் மணி மாதிரி எழுந்து, கடை முழுக்கச் சுற்றி, அலமாரியில் இருந்த மற்றக் கண்ணாடிகளையும் தொட்டுவிட்டு மெல்ல அடங்கியது.

"இதாம்மா கட் கிளாஸு. இந்தச் சத்தத்துக்கு யாராலயும் டூப்ளிகேட் போட முடியாது."

விலையைச் சொன்னார். வீணா பேரம் பேசவில்லை. கிண்ணத்தைச் சுற்றிக்கொண்டே அவர் பழைய துண்டைப் பூதக்கண்ணாடியில் மறுபடி பார்த்தார்.

"ஒண்ணு சொல்லட்டுமா? இது இன்னிக்கி மட்டும் ஒடைஞ்சது இல்ல. இந்தப் பக்கம் பாரு, புது ஒடைப்பு, பளிச்சுனு இருக்கு. இந்த ஓரம் பழசு. அழுக்கு ஏறிப்போச்சு. ஏற்கெனவே கீறல் வுட்டிருந்த சாமான்."

வீணாவுக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. அப்படியானால் அம்மாமேல் முழுத் தப்பு இல்லை. கீறல் விட்ட ஒன்றுக்குப் பதிலாகக் கீறல் இல்லாத ஒன்றைத்தான் திருப்பித் தருகிறாள். நஷ்டம் யாருக்கு? யாருக்கும் இல்லை.

துண்டைக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். தூக்கி எறியத்தான் நினைத்தாள். ரோட்டில் குப்பைத் தொட்டி கண்ணில் படவில்லை.

*

ஐந்தரைக்கு அவள் எதிர் வீட்டு மணியை அடித்தபோது, கிண்ணம் நிறைய ஆரஞ்சு. மங்களம் விடவில்லை. "சுடாத பண்டம்தானே, எடுத்துட்டுப் போ."

கதவைத் திறந்த சோஃபியா வெள்ளைப் புடவையில் இருந்தாள். கண் வீங்கியிருந்தது. கிண்ணத்தைப் பார்த்ததும் ஒரு பெருமூச்சு விட்டாள்.

"வந்துட்டியா... பயந்தே போயிட்டேன். உள்ள வாம்மா."

சாப்பாட்டு மேஜைமேல் வெள்ளைத் துணி விரித்திருந்தது. ஒரு மெழுகுவத்தி. ஒரு ஸ்பூன். நடுவில் வெற்றிடம். பக்கத்தில் ஒரு ஸ்டீல் ஃபிளாஸ்க். நாற்காலியில் பவுலின் ஆன்ட்டி முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தார்.

"வாடா கண்ணு. எத்தனாவது மாசம்?"

"ஏழு ஆன்ட்டி."

"நல்லா இரு. நல்லபடியா பெத்துக் கையில எடு." ஆன்ட்டி வீணாவின் வளையல்களைத் தடவிக் கொடுத்தார்.

"டீயா ஆன்ட்டி ஃபிளாஸ்க்ல?" பேச்சை மாற்ற வீணா கேட்டாள்.

"இல்லம்மா. வெந்நீர்."

ஆன்ட்டி மூடியைத் திறந்து, தன் மணிக்கட்டின் உள்பக்கத்தில் இரண்டு சொட்டு விட்டுப் பார்த்தார். குழந்தைக்குப் பால் சூடு பார்ப்பது போல. திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டார். சோஃபியா ஆரஞ்சுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து அடுக்கினாள். கிண்ணத்தைத் துடைத்தாள். துணியின் நடுவே வைத்தாள்.

யாரும் எதையும் கண்டுபிடிக்கவில்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் நட்சத்திரங்கள் ஜொலித்தன. தப்பித்தாயிற்று. இன்னும் ஒரு நிமிடம் இருந்துவிட்டு, விடைபெற்றுக் கிளம்பிவிடலாம்.

"நான் வர்றேன்க்கா. நாளைக்கு ஊருக்கு..."

"இரும்மா, ஒரு நிமிஷம். அம்மா தட்டட்டும்."

பவுலின் ஆன்ட்டி ஸ்பூனை எடுத்தார். யார் வீட்டுக் கதவையோ தட்டுவது போல, கிண்ணத்தின் விளிம்பில் மெதுவாக ஒரு தட்டு தட்டினார்.

"ணங்ங்ங்..."

மணியோசை எழுந்தது. மேஜையைத் தாண்டி, சுவரைத் தொட்டு, நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. ஆன்ட்டியின் கையிலிருந்து ஸ்பூன் நழுவியது. சோஃபியா பாய்ந்து இரண்டு உள்ளங்கைகளாலும் விளிம்பை இறுக்கிப் பிடித்தாள். ஒரு வாயைப் பொத்துவது போல. ஓசை செத்தது.

கீழே எங்கேயோ லிஃப்ட் கதவு மூடும் சத்தம் கேட்டது.

"இது எங்களுது இல்ல. எங்களுது 'டொக்'னுதான் கேக்கும்" என்றாள் சோஃபியா.

"அக்கா..."

"எங்களுது எங்க வீணா?"

எல்லாம் வெளியே கொட்டிவிட்டது. பாயசம், சூடு, அம்மா, குப்பை ஆட்டோ, எத்திராஜ். சொல்லச் சொல்ல சோஃபியாவின் முகம் வெளிறிக்கொண்டே போனது. அதைத் தாங்க முடியாமல் வீணா அவசரமாக, ஆறுதலாகத்தான், அந்த வார்த்தையைச் சொன்னாள்:

"அது ஏற்கெனவே கீறல் விட்டிருந்ததுக்கா. கடைக்காரரே பாத்துச் சொன்னாரு. இது அப்படி இல்ல. இது நல்லா இருக்கு, முழுசா இருக்கு."

"தெரியும்." சோஃபியா நாற்காலியில் சரிந்தாள். "அந்தக் கீறல் எங்களுது."

"துண்டெல்லாம்?" பவுலின் ஆன்ட்டி கேட்டார். "துண்டாவது வெச்சிருக்கியா கண்ணு?"

வீணா கைப்பையைத் திறந்தாள். கைக்குட்டையைப் பிரித்தாள். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு. ஒன்றே ஒன்று. மீதி இந்நேரம் எந்தக் குப்பை மலையில் எந்த அடியில் இருக்குமோ.

ஆன்ட்டி அதை வாங்கி, கண்ணுக்கு அருகே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பழைய அழுக்கேறிய ஓரத்தில் விரல் போய் நின்றது. மகளிடம் நீட்டினார்.

"இருக்கு சோஃபி. கொஞ்சம் இருக்கு."

சோஃபியா அந்த ஓரத்தைக் கட்டைவிரலால் வருடினாள். எத்தனையோ தடவை வருடிப் பழகிய விரல். கூர் இருக்கும் இடம் அதற்குத் தெரிந்திருந்தது.

"எங்க வீட்டுல எல்லாக் குழந்தைக்கும் இந்த பௌல் தண்ணியிலதான் ஞானஸ்நானம், வீணா. எங்கம்மாவுக்கு, எனக்கு. அப்புறம்..." நிறுத்தினாள். "உங்கம்மாகிட்ட சொல்லு, எல்லாரும் நினைக்கிற மாதிரி நான் பிள்ளை பெறாதவ இல்ல. இதே தேதியிலதான் அவ போனா, வருஷா வருஷம் அம்மா வந்து அதைத் தட்டிக் கூப்பிடுறாங்க. பேரு எஸ்தர்."

வீணாவின் கை வயிற்றுக்குப் போனது. உடனே எடுத்துக்கொண்டாள். அந்தக் கை அங்கே இருப்பதே அந்த அறையில் ஒரு குற்றம் போலத் தோன்றியது.

"ஒரு தடவையாவது அது ஒரு சந்தோஷமான வீட்டுல இருக்கட்டும்னுதான் உன் வளையலுக்குக் குடுத்தேன். மத்தபடி அவ போனதிலேர்ந்து இந்த மேஜைய விட்டு நகர்த்தினதே இல்ல."

"அக்கா, எனக்குத் தெரியாதுக்கா..."

"உனக்கு எப்படித் தெரியும்? சொல்லவே இல்லையே நான். உன் வயித்தப் பாத்துக்கிட்டு அதைச் சொல்ல எனக்கு வாய் வரல."

மெழுகுவத்தி சடசடத்தது. ஆன்ட்டி ஃபிளாஸ்க்கின் மூடியைத் திருகி மூடினார்.

"மாசம் நிறையாம பொறந்தவ" என்றாள் சோஃபியா. "கண்ணாடிப் பெட்டிக்குள்ள வயரு வயரா. பொறந்ததுலேர்ந்து கண்ணே தொறக்கல. கூப்பிட்டோம், பாடினோம், ஒண்ணுக்கும் அசையல. இனிமே பொழைக்காதுன்னு டாக்டர் சொன்னதும் அம்மா ஆட்டோ பிடிச்சு வீட்டுக்கு ஓடி, இந்த பௌலைக் கொண்டு வந்தாங்க. பாஸ்டர் வர நேரம் இல்ல, ஞானஸ்நானத்த நீங்களே குடுங்கன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. தண்ணி சில்லுனு இருக்கக் கூடாதுன்னா நர்ஸு. அம்மாவுக்கு அவசரம், கை நடுக்கம். பச்சைத் தண்ணிக்கு முன்னாடியே ஃபிளாஸ்க்ல இருந்த கொதிநீரை ஊத்திட்டாங்க."

கண்ணாடித் துண்டை அவள் காதோரம் வைத்துக்கொண்டாள்.

"'டிக்'னு ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்குத்தான் வீணா, என் பொண்ணு கண்ணைத் தொறந்து என்னைப் பாத்தா. ஒரே ஒரு தடவை."